மீன்கொத்தியும் தண்ணீர்த் தொட்டியும்

"சாமி, பேருங்கிறதே மாயைதானே?"

செருப்பைக் கழற்றின கையோடு தங்கப்பழம் சார் இதைக் கேட்டார். இன்னும் உட்காரக்கூட இல்லை.

நான் ஆசிரமத்தில் சமையல் பார்க்கிறவன். ஓரமாக இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. தங்கப்பழம் சார் மின்வாரியத்தில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் சாமி காலடியில்தான் உட்காருவார். உட்கார்ந்துகொண்டு சாமியை ஒரு வார்த்தை பேசவிட மாட்டார்.

"என்ன ஆச்சு ஐயா?" என்றார் சாமி.

"ஒரு அம்மா, சாமி. உயிரை வாங்குது."

சார் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறார். 'கைவண்ணம்' என்று அதற்குப் பேர். ஊர் உலகத்தில் யார் எதைப் பின்னினாலும், எதைச் செதுக்கினாலும், அந்தப் படத்தை எடுத்து அதில் போட்டுவிடுவார். லட்சம் பேர் பார்க்கிறார்களாம். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போனை நீட்டினார். சாமி பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

கம்பளி நூலில் பின்னின மீன்கொத்தி. நீல இறகு, வாயில் ஒரு பொடி மீன். அந்த மீனுக்குச் செதில்கூட நூலிலேயே விழுந்திருந்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்துக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் 'கைவண்ணம்' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 'படம்: இணையம்' என்று இருந்தது.

"இணையம்ங்கிறவர் எந்த ஊர்?" என்றார் சாமி.

"விளையாடுறீங்க சாமி. இணையத்துல கிடைச்சதுன்னு அர்த்தம்."

"பின்னினது யாரு?"

"அந்த அம்மாதான். பேரைப் போடு, பேரைப் போடுன்னு தினம் மெசேஜ் அனுப்புது."

"அவங்க படத்துல அவங்க பேரே இல்லையா?"

"ஓரத்துல ஏதோ எழுதியிருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்குக் கூசவில்லை.

"கடைசியா என்ன எழுதியிருக்காங்க?"

தங்கப்பழம் சார் குரலை இழுத்து, அந்த அம்மா பேசுகிற மாதிரியே படித்தார்.

"'சார், சென்னையில ஒரு பொம்மைக் கடை என் பொம்மைங்களை வாங்கறதா இருந்தாங்க. மீன்கொத்தி படத்தை அனுப்பினேன். இது கைவண்ணம்காரங்களோடது, திருடி அனுப்புறியான்னு கேக்கறாங்க. நாளை மதியத்துக்குள்ள இது என்னோடதுன்னு காட்டணுமாம். நீங்க அந்தப் படத்துல என் பேரைப் போட்டாப் போதும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்.'"

படித்துவிட்டுச் சிரித்தார்.

தான் பின்னின பொம்மைக்குத் தானே திருடி ஆகி நிற்கிறாள் ஒருத்தி. இவருக்குச் சிரிப்பு வருகிறது.

"போட்டுடலாமே ஐயா," என்றார் சாமி.

"ஒருத்திக்குப் போட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க சாமி. நான் என்ன அதை வித்துத் திங்கிறேனா? நாலு பேர் கண்ணுல படட்டும்னு புண்ணியத்துக்குப் பண்றேன். நான், எனதுங்கிற அகங்காரம் ஒழியணும்னு நீங்கதானே சொல்றீங்க. அதையேதான் அந்த அம்மாவுக்கும் எழுதினேன். கலை கடவுளோடது, பேர் மாயைன்னு. அதுக்கு மட்டும் பதிலைக் காணோம்."

"அவங்க பேர் என்ன?"

தங்கப்பழம் சார் விழித்தார்.

"பேரா? என்னமோ வரும். வாயில வரமாட்டேங்குது சாமி."

தினம் மெசேஜாம். அதுவும் பேரைப் போடச் சொல்லித்தான் மெசேஜாம். பேர் மட்டும் தெரியாதாம். இந்த மனுஷனை என்ன சொல்ல.

சாமி வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி ஐயா. பேர் மாயைதான்," என்றார்.

"அப்படிச் சொல்லுங்க." சாருக்கு முகமெல்லாம் பல். "நாளைக்குக் காலையில சம்பந்தியாகப் போறவரைக் கூட்டிட்டு வர்றேன். நம்ம பொண்ணுக்குப் பேசியிருக்கோம்ல, பெரிய இடம். நான் ஆசிரமத்துக்குக் கட்டிக்கொடுத்த தண்ணித் தொட்டியைப் பார்க்கணும்னு ஆசைப்படுறார்."

அவர் கார் வளைவு திரும்பினதும் நான் சாமியிடம் போனேன். பொறுக்கவில்லை.

"என்ன சாமி, நீங்களும் அவருக்கு ஒத்து ஊதுறீங்க?"

"அண்ணாச்சி, வெள்ளை பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"தண்ணித் தொட்டியில ஓரமா ஏதோ எழுதியிருக்கு. பார்க்க அசிங்கமா இருக்கு."

ஓரமாவது ஒன்றாவது. தொட்டியின் முகம் முழுக்க அதுதான். 'உபயம்: எஸ். தங்கப்பழம், செயற்பொறியாளர் (ஓய்வு) மற்றும் குடும்பத்தார்.' சிவப்பில், மலைமேல் இருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

"அழிச்சிட்டு வெறுமனே விடாதீங்க," என்றார் சாமி. "குறுக்கே 'ஆசிரமம்'னு பெரிசா எழுதிடுங்க."

அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் கார் வந்தது. கூட இறங்கினவர் கோமதிநாயகம், மாப்பிள்ளைக்கு அப்பா. அளந்து பேசுகிற ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்க சம்பந்தி, நம்ம தொட்டி இந்தப் பக்கம்," என்று கையை நீட்டியபடியே தங்கப்பழம் சார் முன்னால் போனார்.

போனவர் நின்றுவிட்டார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

கோமதிநாயகம் வாய்விட்டுப் படித்தார். "ஆசிரமம்." சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்க கட்டின தொட்டி எங்க இருக்கு சம்பந்தி?"

"இதுதான்."

"இது ஆசிரமத்துத் தொட்டின்னுல்ல எழுதியிருக்கு."

"நான் கட்டினது. என் பேர் இருந்துச்சு. சுடலை, யாருடா இதை அழிச்சது?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நான்தான்," என்றேன். "சாமி சொன்னார்."

சாமி மெதுவாக நடந்து வந்தார். "ஓரத்துல ஏதோ எழுத்து இருந்துச்சு ஐயா."

"ஏதோ எழுத்தா? அது என் பேரு சாமி. மேஸ்திரி கூடவே வெயில்ல நின்னு, ஒவ்வொரு செங்கலா பார்த்துக் கட்டினது."

"நாலு பேர் தண்ணி குடிக்கட்டும்னுதானே கட்டினீங்க?"

"குடிக்கட்டும். யார் வேண்டாம்னா? அதுக்கு என் பேரை எதுக்கு அழிக்கணும்?"



கோமதிநாயகம் தொட்டியைப் பார்த்தார். அப்புறம் தங்கப்பழம் சாரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கே என்னவோ போல் இருந்தது. இவர் இன்னும் என்னென்ன அளந்துவிட்டிருக்கிறாரோ என்று கணக்குப் போடுகிற பார்வை.

தங்கப்பழம் சார் அவசரமாகப் போனை எடுத்துத் தேடினார். "இதோ பாருங்க சம்பந்தி. கட்டுறப்ப எடுத்த படம். பக்கத்துல நான் நிக்கிறேன் பாருங்க."

கோமதிநாயகம் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார்.

"தாஜ்மகால் முன்னாடி நானும் நின்னு எடுத்திருக்கேன் சார்," என்றார்.

சற்று முன்னால் 'சம்பந்தி' என்று கூப்பிட்டவர். இப்போது 'சார்' என்கிறார்.

அவர் கார் பக்கம் நடந்தார். தங்கப்பழம் சார் தொட்டி நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

'சார், மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. நான் திருடலை சார்.'

இந்தத் தடவை அவர் குரலை இழுத்துப் படிக்கவில்லை. மனசுக்குள் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

சாமி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அந்த அம்மா பேர் என்ன ஐயா?"

தங்கப்பழம் சார் மெசேஜுக்கு மேலே இருந்த பேரையும் ஊரையும் பார்த்துக்கொண்டு மீன்கொத்திப் படத்தைத் திறந்தார். கீழே இருந்த 'இணையம்' என்பதை அழித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே, வாய்விட்டுச் சொன்னார்.

"ஸ்டெல்லா புஷ்பம், தூத்துக்குடி."