தேன் என்று சொன்ன அலங்கு

நெடும்பாறைக் காட்டில் ஓர் அலங்குக் குடும்பம் இருந்தது. அப்பா சுருளன், அம்மா மணலி, குட்டி பொட்டு. அலங்கு என்றால் எறும்புத்தின்னிதான். உடம்பு முழுக்கக் கெட்டிச் செதில். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நீள நாக்கைப் புற்றுக்குள் விட்டுக் கறையானையும் எறும்பையும் வழித்துத் தின்னும். வேறு எதுவும் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஒரு நாள் பாறை உடைக்கிற ஆட்கள் வந்தார்கள். வெடி வைத்தார்கள். குகை இடிந்தது. சுனை கலங்கியது. இனி அங்கே பிழைக்க முடியாது என்று எல்லா மிருகங்களுக்கும் தெரிந்துபோயிற்று.

எங்கே போவது?

கரிச்சான் குருவி பறந்து போய் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வந்தது.

"வடக்கே மழைமலை இருக்கு. பலா, தேன், ஓடைத் தண்ணி. தரை எப்பவும் நசநசன்னு ஈரம். தெற்கே, ஆத்தைத் தாண்டினா செம்மண் காடு. இலந்தை, கிழங்கு, ஆளுயரப் புத்து. தண்ணிக்குக் கொஞ்சம் நடக்கணும். எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க!"

இதற்கு நெடும்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் பாறைமேல் ஏறி, தன் குடும்பத்துக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக்குக் குரல் அதிகமோ, அந்தப் பக்கம் எல்லோரும் சேர்ந்து போவார்கள். தனியாகப் போனால் சிறுத்தைக்கு விருந்து.

குரங்கு முதலில் ஏறியது. "பழம்!" என்றது.

முயல் ஏறியது. "காய்ஞ்ச புல்லும் கிழங்கும்!" என்றது.

கரடி ஏறி நெஞ்சை நிமிர்த்தியது. "எங்களுக்கென்ன, தேன்தான்!" என்றது. எல்லோரும் ஆகா ஆகா என்றார்கள்.

அடுத்து உடும்பு ஏறியது. "எங்களுக்கு வண்டு, நத்தை" என்றது.

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "சாப்பாடு என்னன்னு கேட்டா குப்பையைச் சொல்லுது பாரு! சீச்சீ, பூச்சிதின்னி!"

கூட்டமே சிரித்தது. உடும்பு கண்டுகொள்ளவில்லை. சொன்னதை இன்னொரு தடவை சொல்லிவிட்டு இறங்கிப் போயிற்று.

அடுத்து சுருளனின் முறை. பாறைமேல் ஏறியதும் அத்தனை கண்களும் அதையே பார்த்தன. குரங்கு சிரிப்பதற்குத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தது. 'கறையான்' என்கிற வார்த்தை சுருளனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு நீள நாக்கு! அதிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

"எங்களுக்கும்... பழம், தேன்!" என்றது சுருளன்.

யாரும் சிரிக்கவில்லை. மழைமலை என்று முடிவாயிற்று.

கீழே இறங்கியதும் மணலி பிடித்துக்கொண்டது. "ஏங்க, தேனா? யாரு குடிக்கிறது? நானா, நீங்களா?"

"மெதுவாப் பேசு! மலையில எறும்பு இல்லாமலா போகும்? எல்லாரும் சிரிச்சாங்களே, பார்த்தேல்ல?"

"சிரிச்சா சிரிக்கட்டுமே! அவங்க சிரிப்பு நம்ம வயித்துக்குள்ளயா வந்து உட்காரப்போகுது?"

"சும்மா இரு. போய்ப் பார்த்துக்கலாம்."

போய்ப் பார்த்தார்கள். மழைமலையில் மழை விடவே இல்லை. புற்று என்று ஒன்று எழுந்தால்தானே கறையான் இருக்கும்? எழுந்த மண்ணெல்லாம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மரப்பட்டையில் கொஞ்சம் கட்டெறும்பு கிடைத்தது. ஒரு நக்குக்குக்கூடக் காணாது. மிச்சமெல்லாம் அட்டைதான்.

சுருளன் விழுந்து கிடந்த பலாச்சுளையைக் காலால் நசுக்கிக் குட்டியின் முன்னால் தள்ளியது. "தின்னு கண்ணு, நல்லாருக்கும்" என்றது. பொட்டு அப்பாவை நம்பித் தின்றது. தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தது. மறுநாளும் அதே சுளை, அதே வாந்தி.

அந்த நேரம் பார்த்துக் குரங்கு கிளையில் வந்து உட்கார்ந்தது. "என்ன அலங்கண்ணே, பழம் ருசியா?"

"தேனா இனிக்குதுப்பா!" என்றது சுருளன். சொல்லிவிட்டுத் திரும்பினால், வாயைத் துடைக்கத் தெம்பில்லாமல் பொட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அலங்குக் குட்டி அம்மாவின் வாலைப் பற்றிக்கொண்டுதான் சவாரி போகும். பொட்டுக்குப் பற்றிக்கொள்ளவும் பலம் போய்விட்டது. வாலிலிருந்து வழுக்கி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. ஒரு தடவை விழுந்தபோது எழுந்திருக்கவே இல்லை.

மணலி அதை மூக்கால் புரட்டி எடுத்தது. "நான் செம்மண் காட்டுக்குப் போறேன். இருந்து பழம் தின்னுறதுன்னா நீங்க தின்னுங்க" என்றது. சுருளன் பின்னாலேயே நடந்தது.

மலையிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தால், வெள்ளம். மரத்தையே உருட்டிக்கொண்டு போகிற வெள்ளம். சாகக் கிடக்கிற குட்டியோடு அதில் எப்படி நீந்துவது?

கரையில் கரடி நின்று எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுருளன் பக்கத்தில் போயிற்று. "அண்ணே, எங்களை அக்கரையில கொண்டுபோய் விட முடியுமா?"

"இந்த வெள்ளத்துலயா? எதுக்குடா?"

"அது... இவளுக்கு அவங்க அம்மா ஞாபகம் வந்திருச்சு. பார்த்துட்டு வரலாம்னு..."

"மாமியார் வீட்டு விருந்துக்கு நான் உசுரைக் குடுக்கணுமா? வெள்ளம் வடியட்டும், போங்க."

மணலி சுருளனைப் பார்த்தது. இந்த வாயிலிருந்து இன்னொரு பொய்யா என்று அந்தப் பார்வை கேட்டது. அதன் காலடியில் பொட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. வெள்ளம் வடிகிறவரை குட்டி தாங்காது. அது சுருளனுக்கும் தெரியும்.

சுருளனுக்கு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சிறுத்தை வந்தால் அப்படித்தான் செய்யும். வெட்கத்துக்கு அந்தச் செதில் உதவவில்லை.

"அண்ணே, பொய் சொன்னேன். இப்ப மட்டுமில்ல, அன்னைக்குப் பாறைமேலயும்தான். நாங்க தேன் குடிக்கிறதில்லை. கறையான் தின்கிறவங்க. குரங்கு சிரிக்குமேன்னு சொல்லலை. எம்புள்ள சாகுது."

கரடி சிரிக்கும் என்று சுருளன் நினைத்தது. கரடி சிரிக்கவில்லை. தன் நகங்களைக் குனிந்து பார்த்தது.

"தேன் எப்பவாவதுதான்டா கிடைக்கும்" என்றது கடைசியில். "மத்த நாளெல்லாம் நானும் புத்தைத்தான் ஊதித் தின்னுவேன். அன்னைக்குச் செம்மண் காட்டுக்கு ரெண்டே குரல்தான் குறைஞ்சது. தெரியுமா உனக்கு?"

இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஆற்றைப் பார்த்தன.

"ஏறுங்க!" என்றது கரடி.

மணலி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கரடியின் முதுகு மயிரை இறுக்கிப் பிடித்தது. சுருளன் பிடரியில் தொங்கியது. வெள்ளம் கரடியைத் தூக்கி எறிந்தது, முக்கியது, சுழற்றியது. எப்படியோ அக்கரை வந்து சேர்ந்தது.

செம்மண் காட்டில் புற்றுகள் கோபுரம் மாதிரி நின்றன. கரடி ஒரே அறையில் ஒரு புற்றை உடைத்தது. மூக்கை உள்ளே விட்டு ஊதியது, உறிஞ்சியது, கண்ணை மூடிக்கொண்டு தின்றது. வயிறு நிறைந்ததும் ஆற்றுக்குப் போய் மூஞ்சியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது.

"இங்கேயே இருந்துடுங்கண்ணே" என்றது சுருளன். "எங்களுக்கும் துணையா இருக்கும்."

"அதெப்படிடா? அங்கே நான் தேன் குடிக்கிற கரடி!" என்றது கரடி. "நீ ஏன் போயிட்டேன்னு யாராவது கேட்டா, மலைக்குளிர் ஒத்துக்கலைன்னு சொல்லிடுறேன். கவலைப்படாதே."

"வேணாம்ணே. கறையான் தின்கிறவன், பொய் சொல்லிப் புள்ளையைப் பட்டினி போட்டான், அதான் போயிட்டான்னு சொல்லுங்க."

"ஐயையோ! அப்படிச் சொன்னா அடுத்து என்னையில்ல கேப்பாங்க!"

கரடி அவசரமாக வெள்ளத்தில் குதித்தது. கழுவின மூஞ்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, மழைமலையைப் பார்த்து நீந்திப் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தானும் இப்படித்தான் இருந்தோம் என்று நினைக்க, சுருளனுக்குக் கூசியது.

சுருளன் உடைந்த புற்றிலிருந்து கறையான் மொய்க்கிற கட்டி ஒன்றை எடுத்துக் குட்டியின் முன்னால் வைத்தது. "தின்னு கண்ணு, நல்லாருக்கும்" என்றது.

பொட்டு அதை மோந்து பார்த்தது. அப்பா கொடுத்ததாயிற்றே! தின்னாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"தின்னு. இது நம்ம சாப்பாடுதான்" என்று மணலி சொன்ன பிறகுதான் நாக்கை நீட்டியது.

சுருளன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த புற்றைத் தோண்டப் போயிற்று.

தன் வயிற்றுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஊர் மெச்ச இடம் தேடிப் போகிறவன், கடைசியில் தன் பிள்ளையைத்தான் பட்டினி போடுவான்.