பாம்பு வந்த கூடாரம்

ஏதோ ஒரு சீமையில், எந்தக் காலத்திலோ, வேட்டைப் பிரியரான ராஜா ஒருத்தர் இருந்தாராம். ஒருநாள் காட்டில் சூறைக்காற்று சுழற்றி அடித்தும் அவருடைய கூடாரம் அசையவே இல்லை.

"பலே! இந்தக் கூடாரத்தை அடித்தது யார்?" என்றார்.

"அடியேன்தான்" என்று கூடாரத் தலைவர் தீத்தாரப்பர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாங்க அடிச்சது சாமி" என்றான் பின்னால் நின்ற கூலியாள் உடையான்.

"அப்படியானால் நிரூபி. முடியாவிட்டால் உனக்கும் உன் ஆட்களுக்கும் இன்றோடு வேலை இல்லை" என்றார் ராஜா.

உடையான் ராஜாவின் காதில் ஏதோ சொன்னான். ராஜா கூடாரத்துக்குள் போனார். போன வேகத்தில் கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"பாம்பு! இடுக்கு வழியாகப் பாம்பு வந்திருக்கிறது! எவன்டா இந்தக் கூடாரத்தை அடித்தவன்?"

"இந்த உடையான் பயல்தான் மகாராஜா! நான் அந்தப் பக்கமே போகலை!" என்று அலறினார் தீத்தாரப்பர்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பாம்பும் இல்லை, கீம்பும் இல்லை. ஏன்டா உடையா, நிஜமாகவே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"நான் ஒருத்தன்தான் அடிச்சேன்னு சொல்லியிருப்பேன் சாமி. மத்தவங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

"இனி நீதான் தலைவன்" என்று சொல்லிவிட்டு ராஜா குதிரை ஏறினார். ஆட்கள் உடையானைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தீத்தாரப்பர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேறு பக்கமாக நடையைக் கட்டினார்.