பந்தைக் கோட்டை விடுகிற பையன்

கொலம்பஸ் நகரத்துத் தமிழர்களுக்கு ஒரு குரு உண்டு. வயசு முப்பத்து மூணு. தாடியும் கிடையாது, காவியும் கிடையாது. பேர் குயிலி. சின்னப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற டாக்டர்.

குரு என்ற பட்டம் பல்லால் வந்ததில்லை. ஃபேன்டஸி ஃபுட்பாலால் வந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் கையால் ஆடுவது. ஏன் என்று அவர்களைக் கேட்டால் முறைப்பார்கள், அதனால் நாமும் கேட்க வேண்டாம். ஒருவன் பந்தை எறிவான், அவன் குவார்ட்டர்பேக். இன்னொருவன் தலைதெறிக்க ஓடிப்போய் அதைப் பிடிப்பான், அவன் ரிசீவர். நம் ஆட்கள் பத்துப் பேர் ஆகஸ்ட் மாசம் கூடி உட்கார்ந்து, டீவியில் ஆடுகிற அந்த ஆட்டக்காரர்களை முறைவைத்து ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். அவன் அங்கே பந்தைப் பிடித்தால் இவர்களுக்கு இங்கே புள்ளி. இதுதான் ஃபேன்டஸி லீக்.

குயிலி சேர்ந்த வருஷத்திலிருந்து கோப்பை வேறு யார் வீட்டுக்கும் போகவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, நீ ஆடினது போதும், நடுவரா இரு" என்று உட்கார வைத்துவிட்டார்கள். நடுவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று எவருக்கும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

அந்த லீக்கில் ஒருவர் தெய்வேந்திரன். கம்பத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பு. லீக்கில் மட்டும் இரண்டு வருஷமாகக் கடைசி. மூன்றாவது வருஷமும் கடைசி வந்தால் இடம் காலி என்பது சட்டம். அந்த இடத்துக்கு இப்போதே துண்டு போட்டு வைத்திருந்தார் கார்மேகம். வேறு யாருமில்லை, தெய்வேந்திரனின் சொந்த மைத்துனர்.

போனால் போகட்டுமே, குடியா முழுகிவிடும் என்பீர்கள். தெய்வேந்திரனுக்கு முழுகிவிடும். ஆபீசில் அவர் 'தேவ்'. வீட்டில் 'டாட்'. 'டேய் தெய்வா' என்று வாய் நிறையக் கூப்பிட இந்தக் கண்டத்திலேயே அந்தக் கூட்டம் ஒன்றுதான் இருந்தது. அது ஞாயிறு தவறாமல், லீக்கில் இன்னொருவரான ஜெரால்டு வீட்டு கராஜில், அதாவது கார் நிறுத்துகிற அறையில், கூடியது.

ஆள் எடுக்கிற நாளுக்கு முந்தின சனிக்கிழமை, அவர் குருவைத் தேடி பூங்காவுக்குப் போனார். அங்கே குயிலி பெண்கள் எறிபந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"பேர் சொல்லாமக் கேளுங்கண்ணா."

"டெலன் ஹார்க்நெஸ்."

குயிலி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சரி சரி, பேரே இல்லாத ஒரு பையன். சின்ன வயசு ரிசீவர். ஓட்டம்னா ஓட்டம், காத்து கூட நின்னு வேடிக்கை பாக்கும். இந்த வருஷம் சும்மா வெடிக்கப் போறான்னு எனக்கு ஒரு பட்சி சொல்லுது."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

"போன வருஷம் அவனைவிட அதிகமாப் பந்தைக் கோட்டை விட்டவன் எவனும் இல்ல. கைக்கு வந்தது வாய்க்கு எட்டாத கதை. கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஆடுறான்னு ஜெரால்டு சிரிக்கிறான். அதான் ஒரு காரியம் பண்ணினேன்."

தெய்வேந்திரன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு போனை நீட்டினார்.

"பையன் பொறந்த தேதி இன்டர்நெட்ல கெடச்சுது. நேரம் கெடைக்கல, காலைல ஆறுன்னு வச்சுக்கிட்டேன். எறியுறவனோட ஜாதகத்தையும் எடுத்து ரெண்டு பேருக்கும் பொருத்தம் பாத்துட்டேன். பத்துக்கு எட்டு, குருவே! ரஜ்ஜு மட்டும் கொஞ்சம் இடிக்குது."

குயிலி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகூர்த்தம் என்னைக்குண்ணா?"

"வெளையாடாதீங்க. என் எடமே போகப் போகுது."

சொல்லும்போதே குரல் உடைந்தது. குயிலி சிரிப்பை நிறுத்திவிட்டார். கையிலிருந்த பந்தை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"எங்களுக்குப் பந்து எறிய ஆள் இல்ல. வந்தது வந்தீங்க, எறிஞ்சு குடுங்க."

"குருவே, என் கேள்வி..."

"பந்து முதல்ல. அவங்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. நாலு பேரும் நாலு பக்கம் ஓடுவாங்க. நான் விசில் அடிச்சதும் திரும்பி எறிங்க. யோசிக்கவே கூடாது."

விசில் அடித்தது. தெய்வேந்திரன் திரும்பினார், எறிந்தார். சுகிர்தா என்ற நெட்டைப் பெண் கையில் வாங்கிக் கீழே போட்டாள்.

மறுபடி விசில். மறுபடி எறிந்தார். இந்தத் தடவை பிடித்தாள். "அப்படிப் போடு!" என்று தெய்வேந்திரனே கத்தினார்.

பத்து நிமிஷத்தில் மனுஷனுக்குச் சூடு பிடித்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டார். வந்த வேலை மறந்துபோனது, ஜாதகம் மறந்துபோனது. விசில், திரும்பு, எறி. விசில், திரும்பு, எறி. பிடித்தால் குதித்தார், விட்டால் தலையில் அடித்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது, வாயெல்லாம் பல்.

குயிலி நிறுத்தச் சொன்னார்.

"அண்ணா, யாருக்கு அதிகமா எறிஞ்சீங்க?"

"எல்லாருக்கும் சமமாத்தான். நமக்கென்ன ஓரவஞ்சனை?"

நாலு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். சுகிர்தா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பழுத்துச் சிவந்திருந்தது.

"அங்கிள் என்னை மட்டும்தான் போட்டு வாட்டி எடுத்தாரு."

தெய்வேந்திரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாலு பேர்ல அதிகமாப் பந்தை விட்டது யாருண்ணா?" என்றார் குயிலி.

"சுகிர்தா."

"ஒண்ணுகூட விடாதது?"

"வசுமதி."

"வசுமதிக்கு எத்தனை எறிஞ்சீங்க?"

தெய்வேந்திரன் யோசித்தார். "ரெண்டு இருக்குமா?"

"ஏன்?"

"மத்த பொண்ணுங்க எங்க இருக்காங்கன்னு தேட வேண்டியிருந்துச்சு. இந்தப் பொண்ணு, நான் திரும்பின ஒவ்வொரு தடவையும் முன்னாலயே அங்க வந்து என்னைப் பாத்துக்கிட்டு நின்னா."

சொன்ன அவரே சட்டென்று சுகிர்தாவின் சிவந்த கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ டெலன்..."

குயிலி மறுபடி காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த தெய்வேந்திரன் போன வருஷத்து ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தார். இதுவரை அவர் பார்த்ததெல்லாம் டெலனை. இப்போது டெலனை விட்டுவிட்டு எறிகிறவனை மட்டும் பார்த்தார். அந்த மகராசன் நெருக்கடியில் மாட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கி முதலில் யாரைத் தேடினான் என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டெலனைத்தான். ஜாதகத்தை போனிலிருந்து அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கராஜ் முழுக்கப் பிரியாணி வாசனை. ஆளை எடுக்க ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிஷம். தெய்வேந்திரன் முறை வந்தபோது பிரெண்டன் வோக் இன்னும் மிச்சமிருந்தான். பழம் தின்று கொட்டை போட்ட ரிசீவர், வருஷா வருஷம் சொல்லி வைத்த மாதிரி ஆடுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

"வோக்கை எடுடா, பொழைச்சுப் போ," என்றார் ஜெரால்டு.

வேடிக்கை பார்க்க வந்த கார்மேகம், "மாமா, பதட்டப்படாதீங்க. எப்படியும் அடுத்த வருஷம் நான் பாத்துக்கிறேன்," என்றார்.

தெய்வேந்திரன் குருவைப் பார்த்தார். குயிலி கோழிக்காலைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"டெலன் ஹார்க்நெஸ்!"

ஒரு நொடி கராஜே அமைதி. அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஜெரால்டு ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தெய்வேந்திரனுக்குக் காது சுட்டது. ஆனால் நெஞ்சு படபடவென்று சந்தோஷமாக அடித்துக்கொண்டது.

சீசன் தொடங்கியது. டெலன் சில ஞாயிறுகளில் வானத்துக்கும் பூமிக்குமாகப் பறந்தான். சில ஞாயிறுகளில் மடியில் வந்து விழுந்த பந்தையும் விட்டான். தெய்வேந்திரன் ஏறினார், இறங்கினார், நகத்தைக் கடித்தார். அவர் எடுத்த மற்ற ஆட்டக்காரர்கள் காலை வாரிவிட்டார்கள், இருவர் காயம் பட்டுப் படுத்தேவிட்டார்கள். டிசம்பர் கடைசி ஞாயிறன்று கடைசி இடத்துக்குப் போட்டி இரண்டே பேருக்குத்தான். ஒருவர் ஜெரால்டு. இன்னொருவர் தெய்வேந்திரன்.

சாயங்காலம் ஆட்டம் முடியப் போகிற நேரம். ஜெரால்டின் ஆட்கள் எல்லாரும் ஆடி முடித்துவிட்டார்கள். தெய்வேந்திரனுக்கு மிச்சமிருந்தது டெலன் மட்டும். கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவன் ஒரே ஒரு பந்தைப் பிடித்தால் போதும். தெய்வேந்திரன் தப்பித்தார்.

கராஜில் யாரும் உட்காரவில்லை. பத்துப் பேரும் டீவிக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வருதுடா! அவனுக்குத்தான் வருது!"

வந்தது. பக்கத்தில் ஒரு எதிரி இல்லை. பந்து இரண்டு கைக்கும் நடுவில் வந்து இறங்கியது. பச்சைக் குழந்தைகூடப் பிடித்திருக்கும். டெலன் அதைப் பிடித்தான், பிடித்து, விட்டான்.

"எண்ணெய்! எண்ணெய்!" என்று ஜெரால்டு குதித்தார். கார்மேகம் விசிலடித்தார்.

தெய்வேந்திரன் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் உள்ளேயே கிடந்தது.

அங்கே குயிலி போனில் ஏதோ ஒரு குழந்தையின் அம்மாவுக்குப் பல்வலி மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பேச்சை முடித்தார்.

"போச்சு குருவே. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு?"

"விட்டுட்டான். கைக்குள்ள வந்ததை விட்டுட்டான். உங்க பேச்சைக் கேட்டு..."

"நான் ஒண்ணும் பேசலையே."

அதுவும் நிஜம்தான். தெய்வேந்திரனுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை இனிமே நான் எங்கம்மா போவேன்?"

குயிலி போனைப் பைக்குள் போட்டார். பிறகு கேட்டார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல. ஒரு நிமிஷம் இருந்துச்சு."

"அடுத்த பந்து யாருக்குப் போச்சு?"

தெய்வேந்திரன் விழித்தார்.

"தெரியல. நான் வெளிய வந்துட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே கராஜே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். யார் கத்துகிறார்கள், ஏன் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. ஏதோ நாற்காலி உருண்டது. கதவு படாரென்று திறந்தது. ஜெரால்டு தலையை நீட்டினார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"டேய் தெய்வா! எங்கடா போய்த் தொலைஞ்ச? அவனுக்கேதான்டா மறுபடியும் எறிஞ்சான்! அதே எடம்! தரையோட தரையா விழுந்து பிடிச்ச மாதிரிதான் இருக்கு. பந்து மண்ணுல பட்டுச்சா இல்லையான்னு ரெஃப்ரிங்க டீவில போட்டுப் போட்டுப் பாக்குறானுங்க. எனக்கு நெஞ்சே நின்னுடும் போலிருக்கு. வாடா உள்ள!"

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் திரும்பி ஓடினார். உள்ளேயிருந்து இன்னும் நாலு குரல், "தெய்வா, வாடா சீக்கிரம்!" என்று கத்தியது.

தெய்வேந்திரன் வாசலிலேயே நின்றார். தலையெல்லாம் பனி.

"குருவே, பட்டிருக்குமா, பட்டிருக்காதா?"

"எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றார் குயிலி. "பந்தை விட்டவன் அடுத்த நிமிஷமே அதே எடத்துல போய் நின்னுருக்கான். நீங்க ஏன் இன்னும் இங்க நிக்கிறீங்க?"