மான் போட்ட ஐந்து ரூபாய்

காரைக்குடிக் கல்யாண மண்டபத்தில் பழைய நோட்டுக் கண்காட்சி நடந்தது. வியாபாரி வைரவன், மான் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சவால் விட்டார்.

"உலகத்துலயே இது ஒண்ணுதான்! விலை பத்தாயிரம். இன்னொண்ணு காட்டினா இதை இனாமாத் தர்றேன்!"

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சவரிமுத்து அதை நம்பிவிட்டார். கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்க ஏடிஎம்முக்கு ஓடினார்.

மண்டபம் பெருக்கும் இருளாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் வைரவனின் மேசைக்கடியில் பெருக்கியபோது அவள் விளக்குமாறு ஒரு தகரப் பெட்டியில் இடித்திருந்தது. "அதைத் தொடாதே!" என்று அவர் சீறியதை அவள் மறக்கவில்லை.

"ஐயா, நான் வேலை பாக்குற வீட்டு ஆச்சிக்கு மூணு மருமக. ஒருத்திக்குக் கொடுத்ததை மத்தவளுக்கும் கொடுக்கலேன்னா வீடு ரெண்டுபடும். மூணு நோட்டு இருந்தா வாங்குவாக. ஒண்ணுதான்னா வேண்டாம்பாக" என்றாள் வைரவனிடம்.

வைரவன் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்து தகரப் பெட்டியைத் திறந்தார். ஒரு நோட்டுக்கட்டைப் பிரித்து, இரண்டு மான் நோட்டுகளை உருவி மேசையில் வைத்தார்.

"மூணென்ன, முப்பது மருமகளுக்கும் தர்றேன். வெளியே மட்டும் சொல்லாதே."

நிமிர்ந்தால், எதிரே ஏடிஎம்மிலிருந்து திரும்பிய சவரிமுத்து நின்றார்.

"ஐயா, இன்னொண்ணை அவரே காட்டிட்டாரு. சொன்னபடி கண்ணாடிப் பெட்டியில இருக்கறது இனாம்தான்" என்றாள் இருளாயி.

"இனாமெல்லாம் வேண்டாம்மா. உரிய விலையைக் கொடுத்தே வாங்கிக்கிறேன்."

சவரிமுத்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால், கையில் ஐந்து ரூபாய்க் காசோடு, வாசல்வரை வரிசை நின்றது.