வராதவர்கள் கை தூக்குங்கள்

"குருவே, லாக் பொய் சொல்லுது" என்றார் ஏகாம்பரம்.

ஸ்டெல்லா நிமிரவில்லை. கீபோர்டுக்குள் விழுந்த முறுக்குத் துணுக்கை ஊதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்ற அளவுக்கு லாக்குக்கு விவரம் பத்தாது, சார்" என்றாள்.

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேடாதீர்கள். குருவுக்கு முப்பத்து நாலு வயது. சீடருக்குத்தான் ஐம்பது தாண்டிவிட்டது. திருச்சி தில்லை நகரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில் அவள் டீம் லீடர். ஏகாம்பரம் போன வருஷம் வந்து சேர்ந்தவர்.

அதற்கு முன்னால் பாலக்கரையில் கேபிள் டிவி நடத்தினார். ஊர் முழுக்க உள்ளங்கையிலேயே படம் பார்க்க ஆரம்பித்ததும் தொழில் படுத்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தார், மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினார், பாஸும் ஆனார். சேர்ந்த அன்றைக்கு ஸ்டெல்லாவை "குருவே" என்று கூப்பிட்டது கிண்டலுக்குத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்டல் எப்போது கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

"கேபிள்ல ஒரு வசதி குருவே" என்று அடிக்கடி சொல்வார். "லைன் அறுந்தா தெருவே போன் போட்டுத் திட்டும். போன் வரலைன்னா எல்லாம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

அப்போதெல்லாம் ஸ்டெல்லா அவரை ஒரு மாதிரி பார்ப்பாள்.

இங்கே வேலை என்னவென்றால், டயாலிசிஸ் மையத்தின் கம்ப்யூட்டர் யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்கும். அவர்களை வீட்டிலிருந்து கூட்டி வரும் வண்டிக் கம்பெனிக்கு அது தெரிய வேண்டும். இந்தக் கம்ப்யூட்டர் பேசுவது அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியாது. நடுவில் நின்று வாங்கி, மாற்றி, அந்தப் பக்கம் கொடுப்பதுதான் இவர்களுடைய இணைப்புத் தளம். ஒவ்வொரு ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு தடம்.

ஒரு தகவல் தடத்தில் ஓடினால் எக்ஸிகியூஷன் லாகில், அதாவது ஓட்டப் பதிவேட்டில், ஒரு வரி விழும். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பச்சை. வழியில் விழுந்தால் சிவப்பு. சுவரில் மாட்டிய போர்டிலும் அதே நிறங்கள்தான் தெரியும்.

சிஸ்டம் லாக் என்று இன்னொன்றும் உண்டு. அது தளத்தின் சொந்தக் கதை. எப்போது எழுந்தது, எப்போது மூச்சு முட்டியது, யார் எதைத் திறந்தார்கள், யார் எதை மூடினார்கள் என்று தொணதொணத்துக்கொண்டே இருக்கும். ஏகாம்பரம் அதன் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

"என்ன பொய்?" என்றாள் ஸ்டெல்லா.

"லால்குடி ராஜகிளியம்மாவுக்கு நேத்து வண்டி போகலை. வாசல்லயே உக்காந்து கெடந்திருக்காங்க. கடைசியில டயாலிசிஸே போச்சு. நாளைக்கு மறுபடி அவங்க முறை. அதுவும் தவறிப்போச்சுன்னா உயிருக்கே ஆபத்து, குருவே."

"லாக் என்ன சொல்லுது?"

"நேத்து வரி பூராப் பச்சை. மருந்துக்குக்கூட ஒரு சிவப்பு கிடையாது."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ளதைச் சொன்னேன். எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்கும்மா, உங்க பக்கம்தான் ஏதோ கோளாறுன்னேன். போனை ஆஃப் பண்ணி வெச்சிருந்தீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"அப்படியா தம்பி, இருக்கும்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

அவ்வளவு லேசில் போனை வைக்கிற ஆள் இல்லை ராஜகிளி. லால்குடித் தடம் புதுசு. இன்னும் அதில் அவர் ஒருவர்தான். முதல் ஓட்டத்தன்றைக்கு ஏகாம்பரமே வண்டியில் கூடப் போனார். தனியாக இருக்கிற அந்த அம்மாள் தன் டப்பாவைத் திறந்து அவருக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொடுத்து, "கம்ப்யூட்டர் தம்பி, வீட்ல சோறு போட மாட்டாங்களா?" என்று விசாரித்து, போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வண்டி ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு புகார் வந்துவிடும். ஏசி நாறுகிறது. சீட்டு குத்துகிறது. டிரைவர் போடுகிற பாட்டு காதைக் கிழிக்கிறது. ஏகாம்பரம் அலுத்துக்கொண்டே கேட்பார். போனை வைத்ததும் சிரிப்பார்.

ஸ்டெல்லா எழுந்தாள். கையைத் தட்டி மொத்த டீமையும் கூப்பிட்டாள். எல்லாரும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னைக்கு வராதவங்க கை தூக்குங்க" என்றாள்.

யாரும் தூக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு கைகூட இல்லை. அப்போ எல்லாரும் வந்தாச்சு. போய் வேலையைப் பாருங்க."

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சுள்ளென்று கோபம்தான் வந்தது.

"அங்க ஒரு உயிர் ஊசலாடுது. இங்க குருவுக்கு விளையாட்டு" என்று முணுமுணுத்தார்.

"கேட்டுச்சு" என்றாள் ஸ்டெல்லா. "மூணு மணி வரைக்கும் தேடுங்க சார். கிடைக்கலைன்னா வண்டிக்காரருக்கு நானே போன் பண்ணி நாளைக்கு அனுப்பச் சொல்லிடறேன். அந்தம்மாவை விட்டுட மாட்டேன். ஆனா தேடறது நீங்கதான்."

தேடினார். ஸ்ரீரங்கம் பச்சை. மண்ணச்சநல்லூர் பச்சை. துவாக்குடி பச்சை. ஒவ்வொரு வரியாகத் திறந்து, உள்ளே எங்கேயாவது சிவப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார். கீழே பல் டாக்டரின் டிரில் மிஷின் ஓடியது. அது தன் மண்டைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

பக்கத்து மேஜை ஜெகதீசனிடம் கேட்கலாம் என்று திரும்பினார்.

நாற்காலி காலி. பையும் இல்லை. அக்கா நிச்சயதார்த்தம் என்று நேற்றே சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருந்தான்.

ஏகாம்பரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இவன் எப்படிக் கை தூக்குவான்" என்று வாய்விட்டே சொன்னார்.

சட்டென்று திரையின் பக்கம் திரும்பினார். இத்தனை நேரம் சிவப்பைத் தேடினோமே, லால்குடியைத் தேடினோமா? தேடினார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் லால்குடி இருந்தது. அதற்கப்புறம் லால்குடி என்று ஒரு வரிகூட இல்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓடியிருந்தால்தானே விழுவதற்கு.

முதல் தடவையாக சிஸ்டம் லாகைத் திறந்தார். அதன் தொணதொணப்பை எல்லாம் பொறுமையாகப் படித்துக்கொண்டே சனிக்கிழமைக்குப் போனார். அங்கே இருந்தது.

லால்குடித் தடம் நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தியவர்: ஏகாம்பரம்.

எழுந்து போய் குருவின் முன்னால் நின்றார்.

"கெடைச்சிருச்சு" என்றார்.

"யாரு?"

"நான்தான்."

ஸ்டெல்லா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சனிக்கிழமை லால்குடி சிவப்பா விழுந்துக்கிட்டே இருந்துச்சு. வண்டிக் கம்பெனி சர்வர் மெதுவா இருந்துச்சு. கொஞ்ச நேரம் ஆறட்டும்னு தடத்தை நிறுத்தி வெச்சேன். அஞ்சு நிமிஷத்துல திறந்துடலாம்னுதான். அதுக்குள்ள போர்டு பூராப் பச்சையாயிருச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. பஜ்ஜி வந்துச்சு. அப்படியே மறந்துட்டேன்."

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் போர்டில் சிவப்பு இல்லாவிட்டால் ஸ்டெல்லா தன் கைக்காசில் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பாள்.

"அந்தம்மாவோட வாசலைச் சாத்திட்டு நின்னு பஜ்ஜி தின்னிருக்கேன்" என்றார் ஏகாம்பரம். "அப்புறம் கோளாறு உங்க பக்கம்னு அவங்களுக்கே சொல்லியிருக்கேன்."

"நானும்தான் தின்னேன்" என்றாள் ஸ்டெல்லா. "சிவப்பு இல்லைன்னா பஜ்ஜின்னு பழக்கிவிட்டது யாரு? நான்தானே. இனிமே யாரு முதல்ல சிவப்பைக் காட்டறாங்களோ அவங்களுக்குத்தான் பஜ்ஜி. உக்காருங்க சார். உக்காந்து தடத்தைத் திறங்க."

திறந்தார். தேங்கிக் கிடந்த தகவல் ஓடியது. புதன்கிழமை காலை, ராஜகிளி, லால்குடி. பச்சை விழுந்தது. ஏகாம்பரம் அந்தப் பச்சையைக் கையால் தொட்டுப் பார்த்தார். வண்டி வருகிறது என்று அந்த அம்மாளின் போனுக்குத் தானாகவே ஒரு மெசேஜும் போனது. அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை சீக்கிரமே வந்துவிட்டார். ஸ்டெல்லா ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எதிரே போய் நின்றார்.

"குருவே, வண்டி லால்குடி போயிருச்சு. வாசல்ல நிக்குதுன்னு வரி விழுந்திருக்கு. பச்சை."

"ராஜகிளியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலை. இன்னைக்குப் போனே இல்லை. ஒரு புகார் இல்லைன்னா பாத்துக்கங்க." அவர் முகமெல்லாம் சிரிப்பு.

ஸ்டெல்லா ஹெல்மெட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையை மெல்லத் தலைக்கு மேலே தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவும் இல்லை.

ஏகாம்பரம் அந்தக் கையைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஏனோ பாலக்கரை ஞாபகம் வந்தது. கேபிள் நடத்திய கடைசி வருஷத்தில் ஒருத்தரும் போன் போட்டுத் திட்டவில்லை. லைன் நன்றாக ஓடுகிறது என்று அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். திட்டுவதற்கு ஆளே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. போனை எடுத்தார்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி அதிக நேரம் நிற்காது. ஆள் வரவில்லை என்றால் டிரைவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஏகாம்பரம் மறுபடி அடித்தார்.

"யாரு?" பலமில்லாத குரல்.

"நான்தான்மா, கம்ப்யூட்டர் தம்பி. வண்டியில ஏறிட்டீங்களா?"

"வண்டியா? ஏது வண்டி? நான் படுத்துக் கெடக்கேன் தம்பி."

"உங்க வாசல்லதாம்மா நிக்குது. ஆரன் சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு. வேற யாருக்கோ வந்திருக்குன்னு நெனச்சேன்."

"மெசேஜ் வந்துச்சே, பாக்கலையா?"

"எனக்கு அதெல்லாம் எங்க படிக்கத் தெரியுது? நீங்க பேசினாத்தான் தெரியும்."

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டி வராதுன்னு நெனச்சா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லம்மா."

"நீங்கதான் சொன்னீங்களே தம்பி, உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பக்கம்தான் கோளாறு. சும்மா சும்மா போன் போட்டு உங்களைத் தொந்தரவு பண்ணவேண்டாம்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் ஸ்டெல்லா ஹெல்மெட்டை மேஜையில் வைத்துவிட்டு, தூக்கிய கையை இறக்காமலே, இடது கையால் இன்னொரு போனில் டிரைவரைப் பிடித்துவிட்டாள். "அண்ணே, வண்டியை எடுத்துராதீங்க. அவங்க வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றார் ஏகாம்பரம். "உங்க பக்கம் ஒரு கோளாறும் இல்லை. நான்தான் உங்க தடத்தை மூடிட்டு மறந்துட்டேன். மூடினவனே உங்க மேல பழியையும் போட்டேன். என்னை மன்னிச்சிருங்க. எந்திரிச்சு வாங்கம்மா. தயவுசெஞ்சு வாங்க."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. கூடவே எங்கிருந்தோ ஒரு பாட்டு, காதைக் கிழிக்கிற மாதிரி.

"ஏன் தம்பி" என்று ராஜகிளியின் குரல் கணீரென்று வந்தது, "அந்தக் கடங்காரன் இன்னமும் இதே பாட்டைத்தான் போட்டுக்கிட்டு நிக்கிறான். நீங்க இதையெல்லாம் கேக்கறதே இல்லையா?"

ஏகாம்பரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"குருவே" என்றார். "புகார் வந்துருச்சு."

ஸ்டெல்லா கையை இறக்கினாள்.