உலகம்மாளின் முகம்

“என் சம்சாரத்தோட முகம் எனக்கு மறந்துபோச்சு” என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மா கொடிக்கயிற்றில் அட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“போட்டோ இல்லையா சார்?”

“நிறைய இருக்கு. பார்த்து வரைஞ்சா அப்படியே வருது. கண்ணை மூடினா வர மாட்டேங்குது.”

“பார்த்தே வரைஞ்சிர வேண்டியதுதானே?”

“நாப்பது தடவை வரைஞ்சிட்டேன். அதெல்லாம் போட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னதும் அவ வச்ச முகம். வீட்ல அந்த முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்ல.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. புது இடத்தில் அழுகிறோமே என்று கூச்சம். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜலதோஷம் என்றார்.

வடிவம்மா அதை நம்பியவர் மாதிரியே தலையாட்டினார்.

ஆவுடையப்பன் முப்பத்தோரு வருஷம் ட்ராயிங் மாஸ்டராக இருந்தவர். அவர் ஊரில் அவர் வரையாத முகம் கிடையாது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், கல்யாணக் கோலத்தில் மாப்பிள்ளைகள், தேர்தலில் நின்று தோற்றவர்கள் என்று எல்லாரும் அவர் கைக்கு வந்து போயிருக்கிறார்கள். மனைவி உலகம்மாளை மட்டும், அவள் இருந்தவரை, அவர் வரைந்ததில்லை. வீட்டில்தானே இருக்கிறாள், எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

போன ஆவணியில் ஒரு மதியம், காயப்போட்ட துணியை எடுக்கப் போன உலகம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்போது முதல் திவசம் வருகிறது. கடையில் பெரிதாக்கிய போட்டோ வேண்டாம், அப்பா வரைந்த படத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று மகள் செண்பகம் பிடிவாதமாக இருந்தாள். அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆவுடையப்பன் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார்.

தென்காசிக்கு மேற்கே, மலை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு காலத்தில் செங்கல் சூளைக்காரர்கள் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்திருந்த ஓட்டுக் கட்டடம். அதுதான் வடிவம்மாவின் குடில். மனசு பாரமாகி வருகிறவர்கள் நாலு நாளோ நாற்பது நாளோ தங்குவார்கள். வடிவம்மாவுக்கு வயது நாற்பத்துமூன்று. இங்கே வருவதற்கு முன்னால் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், சமைத்தேன், சாப்பிட்டேன் என்பார்.

தன் மகளைவிட ஏழெட்டு வயதே மூத்த பெண்ணை ‘அம்மா’ என்று கூப்பிட ஆவுடையப்பனுக்கு நாக்கு வரவில்லை. இரண்டு நாள் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிச் சமாளித்தார்.

குடிலில் வேலை ஒன்றுதான். காலையில் ஆளுக்கு ஒரு அட்டை, தபால் அட்டை அளவு. அதில் ஒரு படம், கீழே மூன்று வரி. அது எதற்காவது சொல்கிற நன்றியாக இருக்க வேண்டும். ஆனால் நன்றி என்ற வார்த்தை அதில் வரக் கூடாது. மதியத்துக்குள் கொடியில் மாட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை, வழியே போகிறவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்கள்.

“நான் முகம் கேட்டு வந்தேன்” என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மா ஓர் அட்டையை நீட்டினார்.

முதல் நாள் ஆவுடையப்பன் அருவியை வரைந்தார். சும்மா சொல்லக் கூடாது, பார்த்தால் சாரல் தெறிக்கும். கீழே எழுதினார்:

*விண்ணின் அமுதே, வெண்முத்துப் பெருக்கே,*
*மண்ணின் மடியே, மாமலைச் செல்வமே,*
*நின் பொற்பாதம் போற்றி.*

குடிலில் இருந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். வடிவம்மா வாங்கிப் பார்த்தார்.

“அருவியில குளிச்சீங்களா சார்?”

“இல்ல. ஜலதோஷம்.”

“அப்போ அது உங்களுக்கு என்ன செஞ்சுது?”

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் உளுந்து, கடுகு, பெருங்காயம் என்று எழுதி, சமையல் செய்கிற இசக்கியம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

ஆவுடையப்பனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. மூட்டையைக் கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டிக்கொண்டு எங்கே போவது? வீட்டுக்குப் போனால் செண்பகம் படம் எங்கே என்று கேட்பாள்.

இரண்டாம் நாள் தான் படுத்த கயிற்றுக் கட்டிலை வரைந்தார். களைத்த உடலுக்குத் தாய்மடி என்று எழுதினார். ராத்திரி தூங்கினீர்களா என்று வடிவம்மா கேட்டார். இல்லை, கொசு என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அட்டையின் பின்பக்கத்தில் மறுவாரத்துக் காய்கறிக் கணக்கு ஏறியது.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவர் வரிசையாக நாலு தும்மல் போட்டார். கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாள் வந்தாள். ஒரு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட வெந்நீர். குடித்து முடித்தபோது மூக்கு திறந்துகொண்டது.

அன்றைக்கு அவர் அந்த நசுங்கிய டம்ளரை வரைந்தார். வட்டம் ஒழுங்காக வரவில்லை. பையன்கள் இப்படி வரைந்திருந்தால் பத்துக்கு நாலு போட்டிருப்பார். கீழே எழுதினார்:

*நான் கேட்கவில்லை.*
*தும்மினேன்.*
*சுக்கு வாசனையோடு வந்தது.*

வடிவம்மா அதை வாங்கி, கொடியில் தன் கையாலேயே மாட்டினார். சாயங்காலம் பார்த்தபோது அந்த அட்டையைக் காணோம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று ஆவுடையப்பன் தேடினார். அடுப்படிச் சுவரில், மஞ்சள்தூள் டப்பாவுக்கு மேலே ஒட்டியிருந்தது.

அவருக்கு ஏனோ அன்றைக்கு நன்றாகச் சாப்பிட முடிந்தது.

அதன் பிறகு தினமும் ஒன்று மாட்டினார். செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தவரின் ஊசி. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்த பெண்ணின் கூடை. படங்கள் சுமாராகத்தான் இருந்தன. ஆனால் முகம் வரவில்லை. கண்ணை மூடினால் போட்டோதான் வந்தது.

“நாள் போகுதும்மா” என்றார். எப்போது அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“போகட்டும்” என்றார் வடிவம்மா.

எட்டாம் நாள் காலையில் ஆவுடையப்பன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பென்சிலும் பிளேடும் இருந்தன.

“இதைக் கொஞ்சம் சீவித் தாயேன்” என்று இசக்கியம்மாளிடம் கேட்டார்.

“எனக்குச் சுரைக்காய் சீவத்தான் தெரியும். நீங்க படம் போடுதவரு, என்னைக் கேக்கியளே” என்று அவள் சிரித்தாள்.

அவர் முற்றத்தில் போய் உட்கார்ந்து தானே சீவினார். முனை உடைந்தது. மறுபடி சீவினார், மறுபடி உடைந்தது. மூன்றாம் தடவை பிளேடு கட்டைவிரலில் இறங்கிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை வடிவம்மா பார்த்துவிட்டு வந்தார்.

“முப்பத்தோரு வருஷம் ட்ராயிங் மாஸ்டர். பென்சில் சீவத் தெரியாதா?”

“எனக்கு எங்கே சீவ வேண்டி வந்துச்சு? டப்பாவில எப்பவும் சீவியே இருக்கும்.”





“யார் சீவினா?” என்று வடிவம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆவுடையப்பன் கையிலிருந்த மொட்டைப் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டப்பாவில் கடைசியாக இருந்த பென்சில் அது. போன ஆவணிக்கு முன்னால் எப்போதோ ஒரு நாள் அவள் சீவி வைத்த பென்சில்களின் கூரில்தான் அவர் இத்தனை மாதமும் வரைந்திருக்கிறார். நாற்பது தடவை அவள் முகத்தை வரைந்ததும் அந்தக் கூர்களில்தான்.

அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. அட்டையும் மாட்டவில்லை. பிளேடை வைத்துக்கொண்டு சீவிப் பழகினார். இசக்கியம்மாள் இலையில் சோற்றைக் கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிப்போனது.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விடிகாலையில் கட்டிலில் பாதித் தூக்கத்தில் கிடப்பார். நிலைப்படியிலிருந்து சரக் சரக் என்று ஒரு சத்தம் வரும். கீரை ஆய்கிறாளோ, வேறென்னவோ என்று புரண்டு படுப்பார். அரைக்கண்ணில் பட்டதெல்லாம் இப்போதுதான் தெளிந்தது. அவள் முதலில் சுவரில் தொங்குகிற காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பாள். அதைத் தரையில் விரித்து, அதன் மேல் ஆறு பென்சிலைச் சீவுவாள். தூளைச் சிந்தாமல் மடித்துக் கொல்லையில் போட்டுவிட்டு, கை கழுவி, அதன் பிறகுதான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். அந்தக் காப்பி டம்ளரை வாங்கும்போது அவள் விரலில் பென்சில் மர வாசனை இருக்கும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமும் இருந்தது. காப்பித்தூள் சரியில்லை என்று அவர் கடையைக்கூட மாற்றியிருக்கிறார்.

அதை நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, நெடுநேரம் அழுதார். இந்தத் தடவை ஜலதோஷம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் சீவிய பென்சில் கோணல் மாணலாக இருந்தது. கூர் மட்டும் நின்றது.

“எனக்குப் பெரிய காகிதம் வேணும்மா. ஒரு முழுத் தாள்.”

“இதுதான் இருக்கு” என்று வடிவம்மா அதே அட்டையைக் கொடுத்தார்.

இரண்டு நாள் அவர் அந்த ஒரே அட்டையோடு உட்கார்ந்திருந்தார். கிட்டே யாரையும் விடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, வரைவதைவிட அவர் சீவுகிற நேரம்தான் அதிகம் என்று தோன்றியது. காலடியில் ஒரு பழைய காலண்டர் தாளை விரித்திருந்தார்.

பதினோராம் நாள் முற்பகல் செண்பகம் வந்தாள். காரை ரோட்டில் நிறுத்திவிட்டு வேகவேகமாக வந்தாள். சட்டம் போடுகிற கடைக்காரர் மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாராம். திவசத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்களாம். முடிந்ததா அப்பா, முடிந்ததா என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

ஆவுடையப்பன் கொடிக்கயிற்றைக் காட்டினார்.

அவள் நடந்துபோய் அந்த அட்டை முன்னால் நின்றாள். வடிவம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

நிலைப்படியில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நேர் வகிடு. வகிட்டு ஓரத்தில் நரை. காதில் ஒரு கல் உதிர்ந்துபோன தோடு. இடது கையில் பென்சில், வலது கையில் பாதியாக உடைத்த பிளேடு. மடக்கிய காலுக்குப் பக்கத்தில் காலண்டர் தாள், தாளில் கொஞ்சம் சுருள். கீழே மூன்று வரி:

*காலையில் எழுந்தால் பென்சில் கூராக இருந்தது.*
*பென்சில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று*
*முப்பத்தாறு வருஷம் நினைத்திருந்தேன்.*

செண்பகம் அந்தத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கல் விழுந்தது எந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நாளைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து பார்ப்பார்களே, மாலை போடுவார்களே என்ற கவலை அவளுக்கு. அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

“அம்மா முகமே தெரியலையேப்பா?”

ஆவுடையப்பன் வடிவம்மாவைப் பார்த்தார். வடிவம்மா அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீவிக்கிட்டிருக்கா” என்றார் ஆவுடையப்பன். “நிமிரட்டும்.”