பேச்சி குடிபோன வீடு

"தாயே, வீடு முடிஞ்சு போச்சு. ஆனா எங்க வீட்டுக்காரி உள்ள வர மாட்டேங்கிறா" என்றான் வன்னியப்பன்.

ஆவுடையம்மை முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வயதில் அவனைவிட இளையவள்தான். ஆனால் அடிக்கடி நிலம் நடுங்கும் அந்த மலைநாட்டில் வீடு கட்டத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் பாடம் கேட்டவர்கள். தலை நரைத்த பிறகு பூச்சுக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவன் வன்னியப்பன்.

"ஏன் வர மாட்டேங்கிறா?"

"பயந்தான். போன நடுக்கத்துல எங்க கல்வீடு அவ மேலயே இடிஞ்சு விழுந்துச்சு. உயிரோட தோண்டி எடுத்தோம். அன்னையிலேர்ந்து புளியமரத்தடியிலதான் படுக்கை. இப்ப மழை வேற வந்துடுச்சு. விடிய விடிய இருமுறா."

"நான் சொன்ன மாதிரிதானே கட்டினீரு?"

"அச்சு மாறாம. மரச்சட்டம், மூங்கில் தட்டி, மேல மண்பூச்சு, ஓலைக்கூரை. சுவத்துல ஒரு கல் வைக்கலை."

"அவகிட்ட என்ன சொன்னீரு?"

"இந்த வீடு ஆடவே ஆடாதுன்னு சத்தியம் பண்ணினேன்."

"அதுக்கு அவ?"

வன்னியப்பன் தலையைச் சொறிந்தான். "கல்வீட்டுக்கும் இதே சத்தியந்தானே பண்ணினீங்கன்னு கேட்டுட்டா."

ஆவுடையம்மை கடகடவென்று சிரித்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாரும், போவோம்."

புது வீட்டின் மூலைத்தூணில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அது அசைந்தே கொடுக்கவில்லை.

"என்ன ஓய், சத்தத்தையே காணோம்?"

வன்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "காத்தடிச்சா கிறீச் கிறீச்சுன்னுச்சு. அவ மிரண்டு போனா. அதான் மூட்டுக்கு மூட்டு ஆப்பு அடிச்சு, சுண்ணாம்பு வச்சு இறுக்கிட்டேன்."

"அட, கெடுத்தீரே காரியத்தை! மூட்டு அசைஞ்சு கொடுக்கலேன்னா நடுக்கத்துல முறிஞ்சுல்ல போகும்!"

சுத்தியலை அவளே எடுத்தாள். ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினாள். வேறு வழியில்லாமல் அவனும் சுண்ணாம்பைச் சுரண்டினான். பெற்ற பிள்ளைக்கு யாரோ மொட்டையடிப்பதைப் பார்ப்பவன் மாதிரி முகம் வைத்திருந்தான்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மேல்சட்டத்தில் ஒரு வடத்தைக் கட்டி, மறுமுனையைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனாள் ஆவுடையம்மை.

"இந்தா பேச்சி, பிடி. மனசு ஆறுற வரைக்கும் இழு."

பேச்சி வடத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்து இழுத்தாள்.

வீடு முழுவதும் முனகிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தது. விட்டதும் மறுபடி நிமிர்ந்தது.

"விழு!" என்று இழுத்தாள். "விழுந்து தொலை! ஒருவழியா விழு!"

அழுதுகொண்டே இழுத்தாள். கை சிவக்கச் சிவக்க இழுத்தாள். வன்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பூச்சிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. வீடு விழவில்லை.

பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வடத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். மரத்தடியில் கிடந்த பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பாய் விரிக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப நீங்க இழுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"வேண்டாம் பேச்சி."

"ஏன்?"

அவன் குருவைப் பார்த்தான். அவளோ சேலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இழுங்கன்னா!"

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வீடு கிறீச்சிட்டுச் சாய்ந்து நிமிர்ந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"பேச்சி! ஏய் பேச்சி!" வடத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

"கத்தாதீங்க" என்றாள் பேச்சி. "தூக்கம் வருது."